ஆள் தெரியணும் என்கிறாயே

லீட்ஸ்

அன்புள்ள மலர்,

உன் குரல் பதிவைப் பஸ்ஸில் பாதியும் சமைக்கும்போது மீதியுமாகக் கேட்டு முடித்தேன். அத்தைக்கு முட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது பெரிய நிம்மதி. வலிக்கிறது என்று பிசியோவை மட்டும் தள்ளிப்போட விடாதே. மடக்காமல் விட்டால் அப்புறம் மடங்காது, உனக்குத் தெரியாததா. இங்கே எல்லாரும் நலம். சின்னவள் பள்ளிக்கூடத்து யார்க்‌ஷயர் பேச்சில் என் இங்கிலீஷையே திருத்துகிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஐசியூவை விட்டு, ஆஸ்பத்திரியில் தொற்று பரவாமல் பார்க்கும் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோலுக்குப் போக ஆசை, கோவையில் ஒரு இடம் காலியாகப் போவதாகக் காதில் விழுந்திருக்கிறது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில், "அதுக்கெல்லாம் ஆள் தெரியணும்டி, எனக்கு யாரைத் தெரியும்?" என்று முடித்துவிட்டாய். அந்தக் கடைசி வரியோடுதான் எனக்குச் சண்டை.

நம்மூரில் ஆள் தெரிவது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும். டிரஸ்டியின் மச்சான், சர்ச் ஃபாதரின் கடிதம், ஒரே ஊர், ஒரே சாதி. அப்படி உள்ளே வந்தவர்களோடு நாம் இருவருமே நைட் டூட்டி பார்த்திருக்கிறோம். அது இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஆட்களில் ஒருவர்கூட நீ நோயாளியின் ரத்தக்குழாயில் லைன் போடும்போது பக்கத்தில் நின்றதில்லை. நின்றவர்கள் வேறு ஆட்கள். அவர்களை நீ கணக்கிலேயே சேர்க்கவில்லை.

பிளட் கல்ச்சர் பாசிட்டிவ் ஆனால் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே உனக்குப் போன் போட்டுச் சொல்லும் மைக்ரோபயாலஜி லேப் டெக்னீஷியன். டிரே ஈரமாக வந்தது என்று நீ திருப்பி அனுப்பியபோது முறைத்துக்கொள்ளாமல் ஆட்டோகிளேவ் லோடையே மறுபடி ஓட்டிய, கருவிகளைக் கிருமி நீக்கும் சிஎஸ்எஸ்டி அண்ணன். ஹைப்போகுளோரைட் எவ்வளவுக்கு எவ்வளவு தண்ணீர் என்று புதுப் பெண்களுக்குச் சொல்லித்தரும் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் அக்கா. எந்த வார்டு எந்த ஆன்டிபயாடிக்கை அள்ளிக்கொண்டு போகிறது என்பதை விரல் நுனியில் வைத்திருக்கும் பார்மசிக்காரர். இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸின் வேலையே இவர்களோடுதானே? அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எந்த நோயாளியும் உன் பொறுப்பில் இருக்க மாட்டார்கள், எந்த வார்டும் உன் அதிகாரத்தில் இருக்காது. மற்றவர்களைக் கை கழுவ வைக்க வேண்டும், அவ்வளவுதான் உன் வேலை. பழக்கம் இல்லாமல் அது நடக்குமா?

இந்தப் பணியிடம் முதன்முதலில் வந்ததே இந்த நாட்டில்தான். 1959இல் டார்பே மருத்துவமனையில் ஸ்டாஃபிலோகாக்கஸ் தொற்றைக் கண்காணிக்க ஒரு நர்ஸைத் தனியாகப் போட்டார்கள். அதற்கு முன் அவர் ஆபரேஷன் தியேட்டரைக் கவனித்துக்கொண்டிருந்தவர். புத்திசாலித்தனமான தேர்வு என்று நினைக்கிறேன். தியேட்டர் இன்சார்ஜுக்குத்தானே சர்ஜனையும் தெரியும், துடைக்கிறவரையும் தெரியும்.

அப்புறம் நம் பழைய ஐசியூவை நினைத்துப் பார். அங்கே யாருமே நிலைக்க மாட்டார்கள் என்று எத்தனை முறை புலம்பியிருப்போம். பாண்ட் ஒப்பந்தம் முடிந்த மறுநாளே கிளம்பிவிடுவார்கள். அன்றைக்கு டூட்டி லிஸ்ட் போட முடியாமல் அது தலைவலி. இன்றைக்குப் பார்த்தால் அதே ஆட்கள் மஸ்கட்டில், ரியாத்தில், சென்னையில், கோவையில், இதோ லீட்ஸில் இருக்கிறார்கள். உன் கையெழுத்தும் உன் ஹேண்டோவரும் அவர்களுக்குத் தெரியும். அதைவிட என்ன வேண்டும்? உன் போன ஆஸ்பத்திரி எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்டை மாதக்கணக்கில் இழுத்தடித்தபோது அதை வாங்கிக் கொடுத்தது எம்.டி.யா? ரெக்கார்டு செக்‌ஷனில் இருந்த அந்த அண்ணன்தானே.

இங்கே நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இங்கத்து அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸின் வேலை விளம்பரங்களின் அடியில் பெரும்பாலும் ஒரு பெயரும் போன் நம்பரும் இருக்கும். விண்ணப்பிக்கும் முன் விவரம் கேட்க விரும்பினால் இவரை அழைக்கலாம் என்று போட்டிருப்பார்கள். உள்ளூர்ப் பெண்கள் தயங்காமல் கூப்பிடுவார்கள், முடிந்தால் நேரில் போய் வார்டையே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார்கள். நம் பெண்கள் அந்த நம்பரைத் தொடவே மாட்டார்கள். கூப்பிட்டால் சிபாரிசு கேட்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சம். இன்டர்வியூவில் எல்லாருக்கும் ஒரே கேள்விகள்தான், மார்க் போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஆனால் அந்த வார்டுக்கு இப்போது எது தலைவலி என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு போகிறவள் சொல்லும் பதில் வேறு மாதிரி இருக்கும்தானே. நர்ஸ்களின் தொடக்கச் சம்பளப் படியான பேண்ட் 5இலேயே வருஷக்கணக்கில் தேங்கி நிற்கும் நம்மவர்களிடம் நான் முதலில் சொல்வது, அந்த நம்பருக்கு ஒரு போன் போடு என்பதுதான்.

இன்னொன்றும் இங்கே எனக்குப் பிடித்திருக்கிறது. நர்ஸிங் பதிவை மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 450 மணி நேரம் வேலை பார்த்ததற்கும் 35 மணி நேரம் படித்ததற்கும் கணக்குக் காட்ட வேண்டும். அந்த 35இல் 20 மணி நேரமாவது மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். தனியாக லேப்டாப் முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. அனுபவக் குறிப்பு ஐந்து எழுதி, பதிவு பெற்ற இன்னொரு நர்ஸிடமோ மிட்வைஃபிடமோ உட்கார்ந்து பேசவும் வேண்டும். நான் டயாலிசிஸில் வேலை பார்க்கும் ஒரு பிலிப்பைன்ஸ் தோழியோடு கேன்டீனில் உட்கார்ந்து பேசினேன். படிவத்துக்காகத் தொடங்கிய பேச்சு, அவர்கள் யூனிட்டில் கதீட்டர் டிரெஸ்ஸிங்கை யார் யார் தொடலாம் என்று வரைந்து வைத்திருக்கும் முறைக்குப் போய்விட்டது. இப்போது எங்கள் வார்டிலும் அதே தாளை ஒட்டியிருக்கிறோம்.

நீயும் இப்படித்தான் தொடங்க வேண்டும். "அக்கா, வேலை இருந்தா சொல்லுங்க" என்று அனுப்பினால் எதிரே இருப்பவர் என்ன சொல்வார்? பார்க்கிறேன் என்பார், அதோடு முடிந்தது. அவர் ஐந்து நிமிஷத்தில் பதில் சொல்லக்கூடிய ஒன்றைக் கேள். உதாரணத்துக்கு இப்படி:

"அக்கா, நான் திருச்சியில் ஐசியூ ஸ்டாஃப். சென்ட்ரல் லைன் தொற்றை 1000 லைன் நாட்களுக்கு இத்தனை என்று கணக்கிட ஆரம்பித்திருக்கிறோம். லைன் எண்ணிக்கையை எங்களில் சிலர் காலையிலும் சிலர் இரவிலும் எடுப்பதால் கணக்கு உதைக்கிறது. உங்கள் இடத்தில் எத்தனை மணிக்கு, யார் எண்ணுகிறார்கள்?"

இதைப் படிக்கிறவருக்கு நீ என்ன வேலை பார்க்கிறாய், எவ்வளவு ஊன்றிப் பார்க்கிறாய் என்று புரிந்துவிடும். உன் பயோடேட்டாவை அனுப்பவே வேண்டாம். அவர் சொன்னபடி செய்து பார்த்துவிட்டு, என்ன ஆனது என்று மறக்காமல் ஒரு வரி எழுது. பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பதில் வாங்கியதும் காணாமல் போனால், அடுத்த தடவை கேட்க முகம் இருக்காது.

கான்ஃபரன்ஸுக்குப் போவதா என்று கேட்டிருந்தாய். பை வாங்கி, பிரியாணி சாப்பிட்டு, செல்ஃபி எடுத்துத் திரும்பவென்றால் லீவை வீணாக்காதே. உன் யூனிட்டில் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்த ஆடிட்டை ஒரு போஸ்டராக ஆக்கிக்கொண்டு போனால் கதை வேறு. போஸ்டர் பக்கத்தில் நிற்கிறவளிடம் வந்து பேசுகிறவர்கள் அந்த வேலையைச் செய்கிறவர்களாகத்தான் இருப்பார்கள். காலேஜில் மாணவ நர்ஸ்கள் சங்கமான எஸ்என்ஏ நடத்திய போட்டிக்குச் சார்ட் பேப்பரில் நீ வரைந்த நெஃப்ரானை இன்னும் யாரும் மறக்கவில்லை, ஞாபகம் வைத்துக்கொள். அந்த எஸ்என்ஏவின் தாய்ச் சங்கமான, இந்திய நர்ஸ்களின் டிஎன்ஏஐ 1908இலிருந்து இருக்கிறது. படிப்பு முடிந்ததும் நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்தப் பக்கமே போவதில்லை. சந்தா கட்டுவதோடு நிறுத்தாமல் கிளைக் கூட்டம் எங்கே நடக்கிறது என்று விசாரி.

வாட்ஸ்அப் குழுக்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. காலை வணக்கத்துக்கு நடுவில் இசிஜி போட்டோ வரும், மூலையில் நோயாளி பெயர் பளிச்சென்று தெரியும். ஒருத்தரும் கண்டிக்க மாட்டார்கள். லண்டன் வேலை, முன்பணம் கட்டுங்கள் என்று ஏஜென்ட் வேறு. இங்கிலாந்தின் ஆள்சேர்ப்பு நடத்தை விதிப்படி வேலை தேடுகிறவரிடம் ஏஜென்சி அதற்குக் கட்டணம் வாங்கவே கூடாது. கேட்டால் அப்படியே பிளாக் செய்துவிடு, உன் ஜூனியர்களுக்கும் சொல்லிவை.

கோவையில் நம் சீனியர் அக்கா, எமர்ஜென்சியில் இருந்தாளே, சத்தமாகச் சிரிப்பாளே, அவள் இப்போது அங்கே குவாலிட்டியில் இருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச் வேலைகள் அவள் கையில்தான். நேற்று பேசினேன். உனக்காக எதுவும் கேட்கவில்லை, உன் ஆடிட்டைப் பற்றி மட்டும் சொன்னேன். "அந்தப் பொண்ணா? அனுப்பச் சொல்லு, பார்க்கிறேன்" என்றாள். இந்த வாரம் அவளுக்கு இன்ஸ்பெக்‌ஷன் இருக்கிறதாம், திங்கட்கிழமைக்கு மேல் கூப்பிடு. முதலில் ஆடிட் ஷீட்டை அனுப்பு. உன் இன்சார்ஜிடம் கேட்டுக்கொண்டு, நோயாளி பெயரும் ஐபி நம்பரும் இல்லாத பக்கத்தை மட்டும் அனுப்பு. அவள் ஏதாவது திருத்தச் சொன்னால் எனக்கும் ஒரு காப்பி போடு.

அன்புடன்,
கலா