கை ஊன்றாமல் எழும்ப வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

முல்லைத்தீவு மாவட்டத்து முத்தையன்கட்டில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 68 வயது. முப்பது வருடத்துக்கு மேல் குடும்பநல உத்தியோகத்தராக வேலை செய்தேன். மிட்வைஃப் அம்மா என்றால்தான் ஊரில் தெரியும். மழை வெயில் பாராமல் கர்ப்பிணிகளைப் பார்க்கச் சைக்கிளில் போய்வந்தவள் நான். கிணற்றில் அள்ளி, குந்தியிருந்து அடுப்பூதி, திருவலையில் தேங்காய் திருவி வளர்ந்த உடம்பு. உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று எங்களுக்கு வேணும் என்று நினைத்ததே இல்லை.

ஓய்வுபெற்ற பிறகு பிள்ளைகள் அன்போடு ஒவ்வொன்றாக வாங்கித் தந்தார்கள். தண்ணீர் மோட்டர், காஸ் அடுப்பு, தேங்காய் திருவ மெஷின். சைக்கிளையும் விற்றாயிற்று. கோயிலுக்குப் போவதென்றாலும் மருமகனின் மோட்டார் சைக்கிளில்தான். விளக்குமாற்றை எடுத்தால், "அம்மா, சும்மா இருங்கோ. விழுந்து கிழுந்து போனால் ஆர் பார்க்கிறது?" என்பாள் மகள். நானும் சும்மா இருந்தேன், நாலு வருடம்.

ஒரு பின்நேரம் முற்றத்தில் குந்தியிருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். முடிந்து எழும்பப் பார்த்தால் கால் எழும்பவில்லை. நோ இல்லை, விறைப்பு இல்லை. தொடையில் பலம் இல்லை, அவ்வளவுதான். ஒரு கையை நிலத்தில் ஊன்றினேன், பிறகு மற்றக் கையையும் ஊன்றினேன். கடைசியில் தவழ்ந்து போய் விறாந்தைத் தூணைப் பிடித்துத்தான் நிமிர்ந்தேன். உள்ளங்கை முழுக்க மணலும் முருங்கையிலையும் ஒட்டிக்கிடந்தன. வீட்டில் ஒருவரும் இல்லை. அன்றைக்கு வந்த பயம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

அடுத்த நாளே குளக்கட்டில் நடக்கத் தொடங்கினேன். நடந்தால் எல்லாம் சரியாகும் என்றுதான் நினைத்தேன். 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்து மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வீட்டோடு நின்றபோது, கிளினிக்குக்குப் போக அயல் வீட்டுச் சைக்கிளை வாங்கி ஏறினேன். ஒரு சின்ன ஏற்றத்தில்கூட மிதிக்க ஏலவில்லை. இறங்கி உருட்டிக்கொண்டு போனேன். மாதக்கணக்காக நடந்தும் ஏன் இப்படி?

இதை ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி செய்யும் பிள்ளையிடம் கேட்டேன். அவள் என்னைக் கதிரையில் இருத்தி, கைகளை நெஞ்சில் குறுக்காக வைக்கச் சொல்லி, 30 செக்கனில் எத்தனை தரம் எழும்பித் திரும்ப இருக்கிறேன் என்று எண்ணினாள். ஐந்து. "உங்கட வயசுக்கு 11 தரமாவது வேணும் அம்மா" என்றாள். நடப்பது இதயத்துக்கும் சீனி வருத்தத்துக்கும் நல்லது. ஆனால் தொடைத் தசைக்குப் பாரம் வேண்டும், விழாமல் நிற்கச் சமநிலைப் பழக்கம் வேண்டும். உலக சுகாதார நிறுவனமும் 2020இல் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதைத்தான் சொன்னது: கிழமைக்கு 150 நிமிடமாவது நடை போன்ற அசைவு, இரண்டு நாளாவது தசைக்குப் பலமூட்டும் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் பலமும் சேர்ந்த பயிற்சி. எங்கள் கிளினிக்குகளில் முதல் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். இத்தனை வருடம் சுகாதாரத் துறையில் இருந்த எனக்கே மற்ற இரண்டும் தெரியாமல் இருந்தது.

இனி என்ன செய்து என்ன, காலம் போய்விட்டது என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1990இல் அமெரிக்காவில், பொஸ்டனில், 86 முதல் 96 வயது வரையான, உடல் தளர்ந்த பத்துப் பேருக்கு எட்டுக் கிழமை காலுக்குப் பாரம் கொடுத்துப் பயிற்சி செய்வித்தார்கள். காலின் பலம் இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது.

நான் செய்வது இதுதான். மரக் கதிரையைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, பத்துத் தரம் எழும்பித் திரும்ப இருப்பேன். பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், வழுக்கும். இருக்கும்போது பொத்தென்று விழாமல் மெல்ல இறங்க வேண்டும். தசைக்கு அங்கேதான் வேலை. பிறகு கிணற்றுக்கட்டைப் பிடித்துக் குதிக்காலை உயர்த்தி இறக்குவேன். ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டில் தண்ணீர் நிரப்பிக் கையால் தூக்குவேன். கடைசியில் மாமரத்தில் ஒரு விரல் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பேன். வயல் வரம்பில் அடிமேல் அடி வைத்து நடந்தோமே, அதுவும் சமநிலைப் பயிற்சிதான். பிரஷர் உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு நோ, தலைச்சுற்று வந்தால் நிறுத்திவிட்டு டொக்டரிடம் போங்கள். அப்புறம், சாப்பாடு. தேத்தண்ணியும் பாணும் மட்டும் சாப்பிட்டால் தசை வராது. பயறு, கௌப்பி, முட்டை, குளத்து மீன் ஏதாவது ஒன்று தினமும் வேண்டும். இப்போது 30 செக்கனில் 13 தரம் எழும்புகிறேன். முற்றம் நான்தான் கூட்டுகிறேன்.

போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்துத் தனியே இருக்கிற அம்மாமார் எங்கள் பகுதியில் எத்தனை பேர்! பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிற வீடுகளும் அப்படித்தான். இரவில் எழும்பி வளவு கடந்து கக்கூசுக்குப் போய், குந்தி, எழும்பித் திரும்பி வர வேண்டும். அங்கே விழுந்து இடுப்பெலும்பு உடைந்தால் விடியும்வரை ஆரும் அறியார்கள். அவர்களுக்குக் காலில் பலம் இருப்பது மருந்தைவிடக் குறைந்த தேவை இல்லை. "விடிய எழும்பி நடக்கப் போங்கோ" என்று சொல்வது இங்கே சரிவராது. விடியப்புறம் குளக்கட்டில் யானை நிற்கும்.

மாதாந்தக் கிளினிக்குக்கு விடியவே வந்து மணிக்கணக்காக வாங்கில் காத்திருக்கிறோம். அதில் இருபது நிமிடம் ஒருவர் முன்னால் நின்று இந்தப் பயிற்சிகளைச் செய்து காட்டலாம். முதியோர் சங்கக் கூட்டங்களிலும் செய்யலாம். உங்கள் பத்திரிகை கிழமைக்கு ஒரு பயிற்சியைப் படத்தோடு போட்டால் வெட்டி ஒட்டி வைப்போம்.

எங்கள் ஒழுங்கையில் ஆறு பேர் செவ்வாயும் வெள்ளியும் என் முற்றத்தில் கூடுகிறோம். மாரி தொடங்கினால் முற்றத்தில் நிற்க முடியாது. பொதுநோக்கு மண்டபம் அந்த நேரத்தில் பூட்டித்தான் கிடக்கிறது. பொறுப்பானவர்கள் அதன் திறப்பைக் கிழமையில் இரண்டு நாள், ஒரு மணித்தியாலம் தந்தால் போதும். கதிரைகளை நாங்களே கொண்டுவருவோம்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
முத்தையன்கட்டு.