‘அல்லாதவை’க்கும் ஓர் இடம் கொடுங்கள்: காவிரிப் படுகையின் தர்க்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் வங்கித் தேர்வுக்கும் பிற போட்டித் தேர்வுகளுக்கும் தர்க்கப் பகுதி நடத்தும் ஆசிரியப் பெருமக்களுக்கு,

வணக்கம்.

வகுப்பில் நாம் சிலாஜிசம் என்று சொல்லும் முக்கூற்று முறையைப் பற்றியது இம்மடல். இரண்டு கூற்றுகளைக் கொடுத்து, அவற்றிலிருந்து எந்த முடிவு தொடரும் என்று கேட்கும் அந்தப் பகுதிக்கு நாம் அனைவரும் ஏறத்தாழ ஒரே சூத்திர அட்டவணையைத்தான் கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். ‘இரண்டு கூற்றும் எதிர்மறை என்றால் முடிவு இல்லை’ என்பது அதில் ஒரு வரி. அந்த வரியை இப்போதுள்ள வடிவில் எழுதுவதை நிறுத்திவிட்டு, ‘உறுப்பினர் அல்லாதோர்’, ‘நெல் அல்லாத பயிர்’ போன்ற எதிர்மறைப் பதங்களையும் (ஒரு கூற்று எந்தத் தொகுதியைப் பற்றிப் பேசுகிறதோ அதன் பெயரே பதம்) ஏனைய பதங்களுக்கு நிகராக வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்பது, உங்களைப் போலவே மாலை வகுப்பு எடுக்கும் ஒருவனின் கோரிக்கை.

ஏதோ ஒரு கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். ‘உறுப்பினர் அல்லாத எவரும் பயிர்க்கடன் பெற்றவர் அல்லர், இவ்வூர்க் குத்தகைதாரர் எவரும் உறுப்பினர் அல்லர்.’ இவ்விரண்டையும் கேட்ட மாத்திரத்தில், குத்தகைதாரர் எவருக்கும் கடன் கிடைக்கவில்லை என்பது பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கும் விளங்கிவிடும். நம்மிடம் படித்த பிள்ளையோ இரண்டு ‘அல்லர்’களைக் கண்டதும் ‘முடிவு இல்லை’ என்பதைக் குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடும். தர்க்கம் படிக்காதவர் சரியாகச் சொல்வதைத் தர்க்கம் படித்தவர் தவறாகச் சொல்லும்படி ஒரு பாடம் அமைந்திருந்தால், அந்தப் பாடத்தைத் திருத்துவது ஆசிரியர் கடமை.

பழைய விதியின்மேல் முழுப் பழியையும் போடுவதும் முறையன்று. அது மூன்றே பதங்கள் உள்ள இணைக்காக வகுக்கப்பட்டது. மேலே உள்ள எடுத்துக்காட்டில் ‘உறுப்பினர்’, ‘உறுப்பினர் அல்லாதோர்’ ஆகிய இரண்டையும் தனித்தனியே எண்ணினால் பதங்கள் நான்காகிவிடுகின்றன. முதற்கூற்றைத் திருப்பி, ‘கடன் பெற்றோர் அனைவரும் உறுப்பினர்’ என்று எழுதினால் பதங்கள் மீண்டும் மூன்றாகும், ஒரு கூற்று உடன்பாடாக மாறும், விதியும் பிழைத்துக்கொள்ளும். திருப்பும் முறையைச் சொல்லித் தராமல் விதியை மட்டும் சொல்லித் தருவதுதான் நம் வகுப்புகளில் நடக்கிறது.

ஆனால், இந்தச் சமாதானம் எல்லா இடத்திலும் செல்லாது. ‘எந்தக் கடைமடை வயலும் குறுவை வயல் அன்று, எந்தக் கடைமடை வயலும் கரும்பு வயல் அன்று’ என்று ஓர் ஊரைப் பற்றிச் சொன்னால், குறுவைக்கும் கரும்புக்கும் இடையே எந்த உறவும் தெரியவில்லை என்பது உண்மை. அதனால் ஒன்றுமே தெரியவில்லை என்று ஆகிவிடுமா? கடைமடையில் ஒரு வயலாவது இருக்குமானால், அந்த வயல் குறுவையும் அன்று, கரும்பும் அன்று. ஆகவே, குறுவை அல்லாத வயல்களில் சில கரும்பு அல்லாதவை என்ற முடிவு ஐயத்துக்கு இடமின்றித் தொடர்கிறது. இதைச் சொல்ல எதிர்மறைப் பதங்கள் வேண்டும். அவற்றை விலக்கிவைத்த அட்டவணைக்கு இந்த முடிவு கண்ணிலேயே படாது.

இந்த விலக்கு அரிஸ்டாட்டிலிடமிருந்து வந்தது. எதிர்மறைப் பதத்தை அவர் அறியாதவர் அல்லர். ‘மனிதன் அல்லாதது’ என்பதை வரையறையற்ற பெயர் என்று தனியே குறித்தவர். ‘வெள்ளையாக இல்லை’ என்பதும் ‘வெள்ளை அல்லாததாக இருக்கிறது’ என்பதும் ஒன்றல்ல என்று விளக்க ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். இருந்தும் அவருடைய முக்கூற்று வடிவங்கள் எதிர்மறைப் பதங்களைக் கணக்கில் எடுத்துக் கட்டப்பட்டவை அல்ல. அவற்றை முறையாக உள்ளே கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் அகஸ்டஸ் டி மார்கன். 1806-இல் மதுரையில் பிறந்து, கைக்குழந்தையாகவே இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, பின்னாளில் இலண்டனில் கணிதப் பேராசிரியரானவர். வைகைக் கரையில் பிறந்தவர் என்பதற்காக அவரை நம்மவர் என்று கொண்டாட வேண்டியதில்லை; 1847-இல் அவர் வெளியிட்ட தர்க்க நூலில் உள்ள சரக்குக்காகவே அவரைப் படிக்கலாம்.

அவர் செய்தது எளியது. ஒரு பதத்துக்குப் பெரிய எழுத்தையும் அதன் மறுதலைக்கு, அதாவது அதன் ‘அல்லாதவை’க்கு, சிறிய எழுத்தையும் வைத்து, இரண்டையும் சரிசமமாக நடத்தினார். அப்படி நடத்துவதற்கு முன்னால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்ற எல்லை தெரிந்தாக வேண்டும். ‘குறுவை அல்லாதவை’ என்றால் வானத்து நட்சத்திரமும் அதில் அடங்குமா? அடங்காது, பேச்சு இவ்வூர் வயல்களைப் பற்றியது. அந்த எல்லையைப் பேச்சின் உலகம் என்று முதலிலேயே வரையறுத்துக்கொண்டால் ‘அல்லாதவை’ என்பது புகைபோல் கலைந்து போகாமல் ஒரு திட்டமான தொகுதியாகிவிடும்.

இனி, தரையில் ஒரு சதுரம் போட்டு நான்காகப் பிரியுங்கள். மேல்பாதி குத்தகைதாரர், கீழ்ப்பாதி அல்லாதோர். இடப்பாதி கடன் பெற்றோர், வலப்பாதி பெறாதோர். இரு பதங்களைப் பற்றிய எந்த எளிய கூற்றும் இந்த நான்கு கட்டங்களுள் ஏதோ ஒன்று காலி என்றோ, அதில் ஆள் உண்டு என்றோதான் சொல்கிறது. நான்கு காலி, நான்கு உண்டு. ஆக எட்டுக் கூற்றுகள். ‘எல்லா’, ‘எதுவும் இல்லை’, ‘சில’, ‘சில அல்ல’ என்ற பழைய நான்கு வடிவங்களைப் பதங்களை இடம் மாற்றியும் எழுதிப் பார்த்தால், முதல் மூன்று கட்டங்களைப் பற்றிய ஆறு கூற்றுகள் மட்டுமே தேறும். எஞ்சுவது நான்காவது கட்டம், அதாவது குத்தகைதாரரும் அல்லாத, கடனும் பெறாத ஆட்களின் மூலை. அந்த மூலை காலி என்பதையும், அங்கே ஆள் உண்டு என்பதையும் சொல்லப் பழைய முறையில் வடிவமே கிடையாது. எதிர்மறைப் பதம் சேர்ப்பதால் கிடைக்கும் புதுச்சொத்து இந்த இரண்டு கூற்றுகள்தாம்.

கட்டங்களுக்குள் காய் வைக்கும் பழக்கத்தை, ‘ஆலிஸ்’ கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் 1880-களில் ஒரு விளையாட்டாகவே அமைத்தார். ஜான் வென் 1880-இல் வெளியிட்ட வட்டப் படங்களில் எல்லா வட்டங்களுக்கும் வெளியே உள்ள இடம் எல்லையின்றி விடப்பட்டிருந்தது. கரோல் அதற்கும் வேலி போட்டு ஒரு கட்டம் கொடுத்தார். நாம் வகுப்பில் வென் படத்தையே போடுகிறோம். வட்டத்துக்கு வெளியே என்ன இருக்கிறது என்று மாணவர் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

செய்துபார்த்தால் இதன் அருமை தெரியும். அதே சதுரத்தின் நடுவே ஒரு சிறு சதுரம் போட்டு, அதன் உட்புறத்தை உறுப்பினருக்கும் வெளிப்புறத்தை உறுப்பினர் அல்லாதோருக்கும் ஒதுக்குங்கள். இப்போது கட்டங்கள் எட்டு. காலியான கட்டத்தில் கூழாங்கல், ஆள் உள்ள கட்டத்தில் புளியங்கொட்டை. ‘உறுப்பினர் அல்லாத எவரும் கடன் பெற்றவர் அல்லர்’ என்றதும் இடப்பாதியின் வெளிப்புறக் கட்டங்கள் இரண்டிலும் கல் விழுகிறது. ‘குத்தகைதாரர் எவரும் உறுப்பினர் அல்லர்’ என்றதும் மேல்பாதியின் உட்புறக் கட்டங்கள் இரண்டிலும் கல் விழுகிறது. இப்போது மேல் இடமூலையைப் பார்த்தால் உள்ளும் கல், வெளியும் கல். குத்தகைதாரராகவும் கடன் பெற்றவராகவும் ஒருவர் இருக்க இடமே இல்லை. எந்த விதியையும் நினைவுகூராமல், எத்தனை ‘அல்லர்’ வந்தன என்று எண்ணாமல், முடிவு கண்ணுக்கு முன்னால் கிடக்கிறது. கடைமடை எடுத்துக்காட்டில் மேல்பாதியைக் குறுவைக்கும் இடப்பாதியைக் கரும்புக்கும் சிறு சதுரத்தைக் கடைமடைக்கும் கொடுத்தால், உள்ளே மூன்று கட்டங்களில் கல் விழும். கடைமடை வயல் உண்டு என்பதால் எஞ்சிய கீழ் வலமூலையில் புளியங்கொட்டையை வைத்தே தீர வேண்டும்.

நாம் ‘நடுப்பதம் பரவவில்லை’ என்று, அதாவது இரு கூற்றிலும் வரும் பொதுப்பதத்தின் முழுத் தொகுதியைப் பற்றி எந்தக் கூற்றும் பேசவில்லை என்று, தள்ளிவிடும் இணைகூட இங்கே பேசத் தொடங்குகிறது. ‘குறுவை வயல் எல்லாம் ஆற்றுப்பாசனம், கரும்பு வயல் எல்லாம் ஆற்றுப்பாசனம்.’ இதிலிருந்து குறுவையையும் கரும்பையும் இணைக்க முடியாது என்பது சரி. ஆனால், அவ்வூரில் மானாவாரி நிலம் ஒன்று இருக்குமானால், அது இரண்டும் அல்லாதது. நான்காவது மூலையில் கொட்டை விழுந்துவிடும். டி மார்கன் இதைத் தம் முறையில் சேர்த்துக்கொண்டார்.

‘இருக்குமானால்’ என்று இரண்டு முறை எழுதிவிட்டேன். இந்த விரிவாக்கத்தில் சிக்கல் உள்ள இடம் இதுதான். இதை மறைத்துப் பாடம் நடத்தினால் பழைய பிழைக்குப் பதிலாகப் புதிய பிழையைக் கற்பித்தவர்களாவோம். ‘குடம் எல்லாம் அறியப்படுவது’ என்பதை எடுத்துத் திருப்புங்கள். அறியப்படாத எதுவும் குடம் அன்று. ஆகவே அறியப்படாதவை எல்லாம் குடம் அல்லாதவை. ஆகவே குடம் அல்லாதவற்றுள் சில அறியப்படாதவை. ஒவ்வொரு படியும் பாடநூல் அனுமதிக்கும் படிதான். முடிவோ, அறியப்படாத பொருள் ஒன்று உலகில் உண்டு என்று, முதற்கூற்றில் இல்லாத ஒரு செய்தியைச் சொல்கிறது. ‘எல்லா’விலிருந்து ‘சில’வுக்கு இறங்கிய அந்தக் கடைசிப் படியில், அறியப்படாதவை என்ற தொகுதி காலியில்லை என்று நாம் கேட்காமலே ஒப்புக்கொண்டுவிட்டோம்.

மேலைத் தர்க்க நூலோர் 19-ஆம் நூற்றாண்டில் மல்லுக்கட்டிய இந்த இடத்தை நம் பக்கத்து நியாய நூலார் வேறு வழியில் வந்து அடையாளம் கண்டு, அதற்குப் பெயரும் இட்டிருந்தார்கள். புகை உள்ள இடத்தில் தீ உண்டு, அடுக்களைபோல. தீ இல்லாத இடத்தில் புகை இல்லை, மடுப்போல. இப்படி இரு பக்கமும் எடுத்துக்காட்டு உள்ளது அன்னுவய வெதிரேகி. அறியப்படுவதால் பெயர் சொல்லத்தக்கது என்பதற்கோ, பெயர் சொல்ல முடியாத பொருள் ஒன்றை எதிர் எடுத்துக்காட்டாகக் காட்ட முடியாது, அது கேவலான்னுவயி. அன்னம்பட்டரின் வடமொழி நியாய நூலான தருக்க சங்கிரகத்தில் உள்ள இந்தப் பாகுபாட்டைத் தமிழில் தந்தவர் 1785-இல் மறைந்த சிவஞான முனிவர். நம் படுகையிலேயே இருக்கும் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்தவர். அதற்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன், புகாரில் பிறந்த மணிமேகலைக்கு அறவண அடிகள் தருக்கம் உரைக்கும் காதையில், ஒலி நிலையற்றது, ஏனெனில் செய்யப்படுவது, குடம்போல என்றும், நிலையற்றதல்லாதது செய்யப்படாதது, ஆகாயம்போல என்றும் வருகிறது. எதிர்மறைப் பதத்தைத் திருப்பிப் பார்க்கும் பயிற்சி அது. இதெல்லாம் இருப்பதால் மேலை முறை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டின் நோக்கமும் வேறு. எதிர்ப்பக்கத்தில் காட்டப் பொருள் இருக்கிறதா என்று முதலில் கேட்கும் நியாய நூலாரின் ஒழுங்கு, கல்லையும் கொட்டையையும் வைத்து விளையாடும் மாணவருக்கு அப்படியே உதவும் என்றுதான் சொல்கிறேன்.

தேர்வில் இவையெல்லாம் கேட்கப்படுவதில்லையே, முதல்நிலைத் தேர்வின் தர்க்கப் பகுதிக்கு இருப்பதே 20 நிமிடந்தானே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால், தேர்வில் கேட்கப்படுவதற்கும் இதே சதுரப் பலகை போதும். ‘மட்டுமே’ என்று வரும் கூற்றுகளில் தடுமாறாத மாணவர் குறைவு. உறுப்பினர் மட்டுமே கடன் பெறுவர் என்றால், உறுப்பினர் அல்லாமல் கடன் பெற்றவர் என்ற கட்டம் காலி, அவ்வளவுதான். உறுப்பினர் எல்லாருக்கும் கடன் என்று அது சொல்லவில்லை. வெள்ளம் வந்த ஆண்டுகளில் ஊருக்கு ஊர் நடக்கும் வாக்குவாதமும் இதுவே: 33 சதவீதத்துக்குக் குறைவாகச் சேதமடைந்த வயலுக்கு நிவாரணம் இல்லை என்று அறிவித்தால், அதற்கு மேல் சேதமான எல்லா வயலுக்கும் உண்டு என்று கேட்டுக்கொள்கிறோம். கல் விழுந்த கட்டம் ஒன்று. நாம் கல் வைத்துக்கொள்ளும் கட்டம் வேறு. ‘இது அல்லது அது’ என்ற வகை விடைகளுக்கு நாம் தனியே ஓர் அட்டவணை கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். ஒரே கட்டத்தில் கல்லோ கொட்டையோ ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும் என்பதைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை. ஒரு வகுப்பைப் பலகைக்குச் செலவிட்டால் இரண்டு அட்டவணைகள் மிச்சம்.

இருப்பு பற்றிய வழக்கத்தை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். தேர்வு வழக்கில் ‘எல்லாப் பேனாவும் மை’ என்றால் ‘சில மை பேனா’ என்பது ஏற்கப்படும். அதாவது, பெயர் சொல்லப்பட்ட தொகுதி காலியில்லை. பேனா அல்லாதவை, மை அல்லாதவை காலியா இல்லையா என்பதைப் பற்றி அந்த வழக்கு எதுவும் சொல்வதில்லை. எனவே, சொல்லப்பட்ட பதத்துக்குக் கொட்டை உண்டு, சொல்லப்படாத மறுதலைக்குக் கேள்வி சொன்னால் ஒழியக் கொட்டை இல்லை என்று முதல் நாளிலேயே எழுதிப் போடுங்கள்.

வரும் பருவத்துக்கான பயிற்சி ஏடுகளை நீங்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன், ‘இரண்டு எதிர்மறை என்றால் முடிவு இல்லை’ என்ற வரிக்கு முன்னால் ‘பதங்களை மூன்றாகக் குறைத்தபின், அந்தப் பதங்களைப் பற்றி’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டுகிறேன். சிலாஜிசம் பகுதியின் பயிற்சிக் கணக்குகளில் எதிர்மறைப் பதம் உள்ளவையும் சில இடம்பெறட்டும். ஒவ்வொன்றின் கீழும் எந்தத் தொகுதி காலியில்லை என்று கொள்ள வேண்டும் என்பதை எழுதிவிடுங்கள். உங்களில் யாரேனும் இந்த முறையில் நடத்திப் பார்த்து, சூத்திர அட்டவணையே மேல் என்று கண்டால், எந்தக் கணக்கில் பலகை தடுக்கியது என்பதைக் குறித்துவைத்து, அதையும் எல்லாரும் பார்க்கும்படி எழுத வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்களுள் ஒருவனான தர்க்க ஆசிரியன்,
கும்பகோணம்.