இடித்தவர்களின் பெருமையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில் புனித சவேரியார் பிறந்த ஊரைப் பற்றிய பயணக் கட்டுரை படித்தேன். "ஸ்பானியப் பெருமையின் சின்னமான ஹவியேர் கோட்டை" என்ற வரியின் கீழ் பேனாவால் கோடு போட்டேன். போட்ட வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது.

அவர் பிறந்த நவார் தனி அரசாக இருந்ததும், 1512இல் ஸ்பானியப் படை அதன்மேல் படையெடுத்து அதைப் பிடித்ததும் தாங்கள் அறியாததல்ல. 1516இல், அப்போது ஸ்பெயினில் ஆட்சிப் பொறுப்பில் இருந்த கர்தினால் சிஸ்னேரோஸின் ஆணைப்படி அந்தக் கோட்டையின் கோபுரங்கள் வெட்டப்பட்டு, மதில் இடிக்கப்பட்டு, அகழி தூர்க்கப்பட்டது. சவேரியாருக்கு அப்போது பத்து வயது. தந்தை இறந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அண்ணன்மார் இருவரும் நவார் அரசருக்காகப் போரிட்டவர்கள். இன்று நாம் படமெடுத்துக்கொள்ளும் கோட்டையில் பெரும்பகுதி பின்னாளில் எடுத்துக் கட்டியது. வீட்டை இடித்தவரின் பெருமையை அந்த வீட்டுச் சுவரிலேயே எழுதிவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். தங்கள் கட்டுரையாளருக்கு அது நிறையவே இருக்கிறது.

ஊர்ப் பெயரே பாஸ்க் மொழிதான், அதாவது நவார் மண்ணின் பழைய மொழி. 'எட்செ' என்றால் வீடு, 'பெர்ரி' என்றால் புதிது. எட்செபெர்ரி தேய்ந்து ஷபியேர் ஆயிற்று, அதுவே ஸ்பானிய மொழியில் ஹவியேர். நம் பக்கம் புதூர், புதுப்பட்டி என்று இருப்பதைப் போல. கட்டுரையில் 'பாஸ்க்' என்ற சொல்லைத் தேடிக் களைத்தேன். ஒரு முழுப் பக்கத்தில் அதற்கு இடமில்லை. விடுதிக் கட்டணத்துக்கு மட்டும் ஒரு பத்தி.

நான் மணப்பாட்டுக்காரன். சவேரியார் தங்கிய குகை எங்கள் ஊரில் இருக்கிறது. இந்தக் கடற்கரையில் அலைந்த அவர், 1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், இம்மக்களின் தாய்மொழி மலபார், தன்னுடையது பாஸ்க், ஆகவே ஒருவரையொருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று குறிப்பிடுகிறார். தமிழை 'மலபார்' என்றார், போகட்டும், அந்தக் காலத்து வழக்கம். தன் தாய்மொழி எது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. குழப்பமெல்லாம் நமக்குத்தான்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் மகளைப் பார்க்கப் போனபோது அந்தக் கோட்டைச் சிற்றாலயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அக்ரூட் மரத்தில் செதுக்கிய சிலுவைநாதர், மரிக்கும் வேளையிலும் இதழோரம் புன்னகை. சுற்றுச் சுவரில் எலும்புக்கூடுகள் கூத்தாடும் பழைய ஓவியம். போய் வந்தவர் இதைப் பார்க்காமல் எப்படித் திரும்பினார்? போனாரா என்பதே என் சந்தேகம்.

இது முதல் தடவையும் அல்ல. 2006இல் அவரது ஐந்நூறாவது பிறந்த ஆண்டில் தங்கள் பத்திரிகை அவரைப் 'போர்த்துகீசியர்' ஆக்கியது. அன்றும் எழுதினேன், பதில் இல்லை. மும்பையில் இருபத்திரண்டு ஆண்டுகள் 'மதராசி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடைபட்டிருந்தவன் நான். அந்தச் சொல்லைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியதும் தாங்கள்தான்.

நான் கேட்பது ஒரு வரித் திருத்தம். 'பாஸ்க்' என்ற சொல் அதில் இருந்தால் போதும். இடமிருந்தால் இன்னொன்று: ஹவியேர் கோட்டை என்று தாங்கள் வெளியிட்டிருக்கும் படம் நவாரின் வேறோர் ஊரான ஒலிதேயின் அரண்மனையுடையது.

தங்கள் நாற்பதாண்டு வாசகன்,
மணப்பாடு