விளை என்று பேர் மட்டும் இருந்தால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாடித்தோட்டம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எல்லாம் சரி, ஆனால் அதை ரிட்டயர் ஆனவர்களின் பொழுதுபோக்கு மாதிரி எழுதியிருந்தது எனக்கு வருத்தம். நாகர்கோவிலில் எத்தனை இடத்துக்கு விளை, அதாவது தோட்டம், என்று பேர் இருக்கிறது, அதெல்லாம் ஒரு காலத்தில் தென்னையும் வாழையும் மரச்சீனிக் கிழங்கும் நின்ற மண்தானே, இப்போது மதிலோடு மதில் ஒட்டி வீடுதான் நிற்கிறது. வருஷக்கணக்காக ஊர்க் குப்பையைக் கொட்டிய இடத்தின் பேரும் வலம்புரிவிளைதான். அங்கே போன காய்கறித் தோலும் மீன் கழிவும் செடிக்கு உரமாகியிருக்க வேண்டியவை.

எங்கள் மாடியில் மண் நிரப்பிச் செடி வளர்க்கும் பை 20 வைத்திருக்கிறோம். முதல் வருஷம் பைகளைத் தளத்தில் அப்படியே வைத்ததால் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் தேங்கி அடுக்களையில் ஒழுகிவிட்டது, அதற்கப்புறம் செங்கல் அடுக்கி அதன்மேல்தான் வைக்கிறோம். பைக்கு அடியில் கதம்பையை, அதாவது தேங்காய் மட்டையை, நார்ப் பக்கம் மேலே இருக்கும்படி போட்டு மண் நிரப்பினால் பங்குனி வெயிலில் ஒருநாள் தண்ணீர் விடாவிட்டாலும் செடி வாடுவதில்லை. சாளை மீனின் தலையையும் குடலையும் அதே எடை வெல்லத்தோடு பிசைந்து வாளியில் மூடி வைப்போம். மூன்று நான்கு வாரத்தில் மீன் நாற்றம் போய்ப் பழ வாசனை வந்துவிடும், அதில் லிட்டருக்கு 10 மில்லி கலந்து தெளித்தால் பயறும் வழுதலை என்கிற கத்தரியும் கொழுகொழுவென்று வரும். சிறுகீரை விதைத்து 25 நாளில் பறித்துவிடலாம்.

இதனால் நெல் விளையாது என்று எனக்கும் தெரியும், மாடியில் பை இருக்கிறதே என்று நாஞ்சில் நாட்டு வயலை மனை போட்டுவிடக் கூடாது. நான் சொல்வது கீரை, மிளகாய், கறிவேப்பிலை, பயறு போல அன்றன்று பறிப்பதைத்தான். 2017-இல் ஒக்கி புயல் வந்தபோது வாழையெல்லாம் சாய்ந்து ரோட்டில் மரம் விழுந்து கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது எங்கள் வீட்டில் கறிக்கு உதவியது கொல்லையில் மண்ணுக்குள் கிடந்த சேம்பும் சேனையும்தான். சோவியத் யூனியன் 1991-இல் உடைந்து கியூபாவுக்கு உரமும் டீசலும் வருவது குறைந்தபோது, ஹவானா மக்கள் காலி மனைகளில் பாத்தி கட்டிக் காய்கறி போட்டார்கள். பசி வந்த பிறகு செய்ததை நாம் இப்போதே செய்யலாமே.

மாநகராட்சி மக்கும் குப்பையில் தயாரிக்கும் உரத்தை வார்டு வாரியாக நாள் குறித்து வீட்டுக்கு ஒரு மூட்டை கொடுக்கட்டும். அரசு வளாகங்களில் புல் மண்டிக் கிடக்கும் இடங்களை மகளிர் குழுக்களுக்குக் காய்கறி போட விடட்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இது நடந்தால் நல்லது. எந்த வார்டில் என்றைக்கு உரம் கிடைக்கும் என்று உங்கள் இதழிலும் போடுங்கள். நல்ல மண் கிடைக்காமல் பையைச் சுருட்டி வைத்திருக்கும் வீடு எங்கள் தெருவிலேயே நாலு இருக்கிறது.

இப்படிக்கு,
வாசகி, வெட்டூர்ணிமடம், நாகர்கோவில்