ஷட்டருக்கு எண்ணெய் விடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பரணிலிருந்து இறக்கிய பிலிம் கேமராவின் ஷட்டர் (பிலிமுக்கு ஒளியை நொடிப்பொழுது திறந்துவிடும் கதவு) சிக்கினால் பலரும் தையல் மிஷின் எண்ணெய் விடுகிறார்கள். சிக்கலுக்குக் காரணமே பிசினாகிப்போன பழைய எண்ணெய்தான்! லென்ஸுக்குள் இருக்கும் தகடு ஷட்டர் என்றால் லைட்டர் பெட்ரோல் ஓரிரு சொட்டு தொட்டுத் துடைக்கலாம். துணித்திரை ஷட்டரில் அதுவும் கூடாது, ரப்பர் பூச்சு கெடும்.

பின்கதவுப் பள்ளத்தில் தார்போல் ஒட்டும் ஸ்பாஞ்சை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பல்குச்சியால் சுரண்டி, பள்ளத்தின் ஆழத்துக்கேற்ப 1.5 அல்லது 2 மி.மீ. கறுப்பு ஸ்பாஞ்சு ஒட்டவும். இல்லாவிட்டால் வெளிச்சம் கசியும்.

பழைய கேமராக்களின் ஒளி அளக்கும் மீட்டருக்கான 1.35 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது கிடைக்காது. 1.5 வோல்ட் போட்டால் பல கேமராக்களில் மீட்டர் ஒளியைக் கூட்டிக் காட்டும், படம் இருண்டுவிடும். காது மெஷினுக்கான 675 பேட்டரி 1.4 வோல்ட், சிறு வளையம் வைத்துப் பொருத்தலாம். சீக்கிரம் தீரும், ஆனால் மலிவு.

நம் கடல்காற்றில் தோல் உறை பூஞ்சைக்கு வீடு. கேமராவை உறையிலிருந்து எடுத்து, காற்றுப்புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

- கேமரா பழுதுபார்ப்போர், புதுச்சேரி