எல்டன் ரிங் வாங்கலாமா என்று கேட்ட மச்சானுக்கு

வெள்ளவத்தை, கொழும்பு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மச்சானுக்கு,

எல்டன் ரிங் என்ற வீடியோ கேமை வாங்கலாமா என்று கேட்ட உன் செய்தி கிடைத்தது. வட்ஸ்அப்பில் இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய விஷயம் இல்லை என்பதால் ஆறுதலாக இருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் நோ கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி ஏறுவதுதான் பாடு. எங்கள் ஒழுங்கையில் இன்னொரு பிளட்ஸ் எழும்புகிறது. முந்திக் கடல் தெரிந்த ஜன்னலில் இப்போது சீமெந்துச் சுவர் தெரிகிறது. பகல் முழுக்கச் சத்தம்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். நான் எல்டன் ரிங் விளையாடுவதை உனக்கு யார் சொன்னது? மருமகன்தான் சொல்லியிருப்பான். அவனுக்கு ஏ.எல். சோதனை நெருங்குகிறது. அக்கா பிளேஸ்டேஷனைப் பறித்து, "சோதனை முடியும் வரைக்கும் உன்னட்டயே கிடக்கட்டும்" என்று என் வீட்டில் கொண்டுவந்து வைத்துவிட்டார். பாலுக்குப் பூனை காவல்!

அந்த கேம் வெளிவந்தது 2022 பெப்ரவரி 25. அப்போது நாங்கள் காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்றோம். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஊரெல்லாம் அதைப் புகழ்ந்தபோது எனக்கு அதன் பெயர்கூடக் காதில் விழவில்லை. அந்த வருடத்தின் சிறந்த கேம் என்ற விருதை அது வாங்கியதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

நீ 'விட்சர் 3' என்ற கேமின் பக்தன், அதை வைத்தே சொல்கிறேன். அதில் வரைபடத்தைத் திறந்தால் போய்ப் பார்க்கவேண்டிய இடங்களைக் காட்டும் கேள்விக்குறிகள் கொட்டிக் கிடக்கும். ஸ்கெலிகே கடலில் கடத்தல்காரர்களின் பெட்டிகளைத் தேடிப் படகில் அலைந்து நீ திட்டியது எனக்கு இன்னும் ஞாபகம். எல்டன் ரிங்கில் அந்தத் தொல்லை இல்லை. வரைபடம் வெறுமையாகத்தான் தொடங்கும். அதன் துண்டுகளை நீயே தேடி எடுக்கவேண்டும். எடுக்க எடுக்க வரைபடத்தின் ஓரங்கள் நகர்ந்து பெரிதாகும். இவ்வளவுதான் உலகம் என்று நினைத்து முடிப்பதற்குள் அது இன்னொரு மடங்காகும்.

முதல் வாசலைத் தாண்டி வெளியே வந்ததும் லிம்கிரேவ் என்ற பச்சை நிலம். எதிரே பொன் கவசம் போட்ட ஒருவன் குதிரையில் நடந்து திரிவான். வேறு கேம் என்றால் எந்தப் பட்டனை அழுத்தி எப்படி அடிக்கவேண்டும் என்று அந்த இடத்தில் ஒரு பாடம் நடக்கும். இங்கே அவன் இரண்டு வெட்டில் ஆளை முடித்துவிடுவான். ஒதுங்கிப் போ, பலத்தோடு திரும்பி வா என்பதுதான் பாடம், அதையும் யாரும் வாயால் சொல்வதில்லை.

இன்னொன்று சொல்கிறேன். அதே லிம்கிரேவில் ஒரு காடு, அதற்குள் இடிந்த ஒரு கட்டடம், நடுவில் வட்டமான கல் மேடை. ஏறி மிதித்தால் மேடை கீழே இறங்கும். இறங்கும், இன்னும் இறங்கும், பழுதாகிவிட்டதோ என்று சந்தேகம் வரும் அளவுக்கு இறங்கும். கடைசியில் வெளியே வந்தால் நிலத்துக்கு அடியில் ஒரு ஆறு, இடிந்த தூண்கள், மேலே வானம் நிறைய நட்சத்திரம். சியோஃப்ரா என்று பெயர். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அதற்குள் கொம்பு முளைத்த ஒருவன் தூரத்திலிருந்து நீல நிற அம்பொன்றை விட்டு என்னைக் கொன்றுவிட்டான். இந்த இடத்துக்குப் போ என்று எந்தக் குறியும் சொல்லவில்லை. பக்கத்தால் போயிருந்தால் ஆயுள் முழுக்கத் தெரியாமலே இருந்திருக்கும்.

இப்படி வாயைத் திறக்காமல் இருப்பதுதான் அதன் பலம். ஆனால் மனிதர்கள் விஷயத்தில் அதுவே காலை வாருகிறது. விட்சரில் பிளடி பாரன் என்ற பிரபுவின் குடும்பக் கதையை எடுத்துக்கொள். குடிகாரன், மனைவியை அடித்தவன், ஆனாலும் கடைசியில் அவனுக்காக மனம் கரையும். எல்டன் ரிங்கில் அப்படி உட்கார்ந்து கதைக்க ஒருவரும் இல்லை. மூன்று வசனம் புதிராகச் சொல்வார்கள், அடுத்தமுறை போனால் ஆள் அங்கே இருக்கமாட்டார். எங்கே போனார் என்று எழுதிவைக்க ஒரு குறிப்பேடும் இல்லை. அலெக்சாண்டர் என்று ஒரு பெரிய பானை இருக்கிறது. கைகால் முளைத்த, வீரம் பேசும் பானை. நிலத்தில் இறுகிப்போய்க் கிடக்கும், பின்னால் ஓங்கி அடித்தால் வெளியே வரும். எனக்குச் சரியான பிடித்தம். பிறகு அதை எங்கே சந்திப்பது என்று கண்டுபிடிக்க மருமகனின் போனில் வீடியோ பார்க்கவேண்டி வந்தது. கேமை நிறுத்திவிட்டு யூடியூப் பார்த்தால்தான் கதை நகரும் என்றால் அது என்ன கதைசொல்லல்? கேமைச் செய்த ஃபுரொம்சொஃப்ட்வேரே வெளியான அடுத்த மாதம் ஒரு அப்டேட் விட்டு, சந்தித்த ஆட்களின் இடத்தை வரைபடத்தில் காட்டத் தொடங்கியது. பாதிக் குறை அதோடு தீர்ந்தது.

ஒரேயொரு இடத்தில் இந்த மௌனம் மனிதர்களுக்கும் பொருந்துகிறது. ராடான் என்று மலை போன்ற ஒரு சேனாதிபதி. அவன் ஏறி வரும் குதிரை எலும்பும் தோலுமாக, அவன் காலுக்குக் கீழே தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். முதலில் சிரிப்பு வந்தது. அவனைக் கொன்ற பிறகு கிடைக்கும் பொருளின் குறிப்பில்தான் விஷயம் இருக்கிறது: அந்த மெலிந்த குதிரையைக் கைவிடக்கூடாது என்பதற்காகவே அவன் இளமையில் ஈர்ப்பு விசை மந்திரம் கற்றானாம். கொன்ற பிறகு வாசித்தால் எப்படி இருக்கும், யோசித்துப் பார்.

மிச்சக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிலத்தடிக் கல்லறைகள் எல்லாம் ஒரே அச்சு: ஒரு விசையைத் தேடு, கதவைத் திற, முந்தி அடித்த அதே பொஸ்ஸை, அதாவது அந்த இடத்தின் பெரிய எதிரியை, திரும்பவும் அடி. கடைசிப் பகுதியில் வரும் பனிமலை பெரிதுதான், ஆனால் வெறிச்சென்று கிடக்கிறது. ரொரன்ரோவில் இருக்கும் நீ காசு கொடுத்துப் பனி பார்க்கத் தேவையில்லை. கஷ்டம் என்று எல்லோரும் பயமுறுத்துவார்கள், அதை நான் அவ்வளவு ஏற்கமாட்டேன். மார்கிட் என்ற முதல் பெரிய பொஸ் வழியை மறித்தால், வேறு பக்கம் சுற்றிப் பலமாகி வரலாம், ஆவிகளைத் துணைக்கு அழைக்கலாம். பிடிவாதமாக அங்கேயே முட்டிக்கொண்டு நிற்பவனுக்குத்தான் கஷ்டம். மருமகன் அந்த ரகம்.

உனக்குச் சிக்கல் வேறு. இதில் இடைநிறுத்தம் கிடையாது. பிள்ளை அழுதால், அம்மா கூப்பிட்டால், எதிரி காத்திருக்கமாட்டான். மெனுவுக்குள் விளக்கக் குறிப்பு ஒன்றைத் திறந்தால் எல்லாம் அப்படியே நிற்கும், அதை ஒளித்து வைத்த மாதிரி வைத்திருக்கிறார்கள். ஆனால் கேம் தானாகவே அடிக்கடி சேமித்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தாலும் அநேகமாக விட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே எழும்புவாய். எங்கள் ஊருக்கென்றே செய்த வசதி.

மொத்தத்தில் வாங்கு. 2024இல் தனியாக வந்த விரிவாக்கப் பகுதிக்கு இப்போது காசு போடாதே, முதலில் இதில் அரைவாசி போ. சேர்ந்தும் விளையாடலாம், ஆனால் நீ கொம்பியூட்டருக்கு வாங்கினால் பிளேஸ்டேஷனில் இருக்கும் என்னோடு சேரமுடியாது. பிளேஸ்டேஷன் 5 என்றால் பிரச்சினை இல்லை, என்னிடம் இருக்கும் 4 அதோடு சேரும். உன் சனிக்கிழமை இரவு எனக்கு ஞாயிறு காலை, அம்மா கோயிலுக்குப் போகிற நேரம், தோதாக வரும். எந்தப் பெட்டி வைத்திருக்கிறாய் என்று எழுது. சோதனை முடிந்து அக்கா வந்து கேட்பதற்கு முந்தி எழுது.

அன்புடன்,
உன் வெள்ளவத்தை மச்சான்