டொமைன் பதிவேட்டில் பெயரை எந்த எழுத்தில் வைப்பது?

அன்புள்ள செல்வம் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்து, மருத்துவர் மீண்டும் படிக்க அனுமதித்துவிட்டார் என்று அறிந்து நிம்மதியடைந்தேன். இங்கே அனைவரும் நலம். டொமைன் எனப்படும் இணையதளப் பெயர்களின் பதிவுத் தரவுகளைப் பழைய அமைப்பிலிருந்து புதியதற்கு மாற்றும் வேலைதான் எனக்கு இப்போது முழுநேரமும். அதனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் நீங்கள் கேட்டிருந்த கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. மோசடித் தளங்களைப் பற்றிய புகார்களை விசாரிக்கும் உங்களுக்கு, உரிமையாளரின் பெயரும் முகவரியும் படிக்க முடியாத எழுத்தில் இருந்தால் என்ன பயன்? எல்லாரும் லத்தீன் (அதாவது ஆங்கில) எழுத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடாதா? தீராது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதலில், நீங்கள் பார்க்கும் பதிவுகள் ஏன் படிக்க முடியாமல் போகின்றன என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு டொமைன் யாருடையது என்று கேட்டால் பதில் சொல்லும் ஹூஈஸ் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. சேவைக் கணினியின் 43ஆம் போர்ட்டுக்கு (இணைப்பு வாயிலுக்கு) ஒரு வரியை அனுப்பினால் சில வரிகள் திரும்பி வரும், அவ்வளவுதான். அந்த வரிகள் எந்தக் குறியாக்கத்தில் (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையில்) உள்ளன என்று தெரிவிக்க அதில் வழியே கிடையாது. 2004இல் வெளிவந்த ஆர்எஃப்சி 3912 என்ற அந்த நெறிமுறையின் ஆவணம் இந்தக் குறையை வெளிப்படையாகவே ஒப்புக்கொள்கிறது. டொமைன் பதிவேட்டை நடத்தும் ஒரு பதிவகம், எல்லா மொழிகளுக்கும் பொதுவான யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் அனுப்பலாம், மற்றொன்று தன் நாட்டில் முன்பு வழங்கிய குறியாக்கத்திலேயே அனுப்பலாம். பெறுகிற மென்பொருள் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஊகம் தவறினால் திரையில் கேள்விக்குறிகளும் வெற்றுக் கட்டங்களும் வரிசையாக நிற்கும். உங்களைத் தடுமாறவைக்கும் பதிவுகளில் ஒரு பகுதியாவது இந்த வகையாக இருக்கும். அவை சிதைந்து வந்தவை. வேற்று மொழியில் இருப்பது அவற்றின் குற்றமன்று.

இதற்கிடையே டொமைன் பெயர்கள் மட்டும் வெகுதூரம் முன்னேறிவிட்டன. 2003இல் பன்மொழிப் பெயர்களுக்கான தரநிலை வந்தது, 2010இல் லத்தீன் அல்லாத நாட்டுப் பெயர்கள் இணையப் பெயர்களின் உச்சப் பட்டியலான வேர் மண்டலத்தில் சேரத் தொடங்கின, இன்று .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் ஆகிய மூன்றும் தமிழிலேயே உள்ளன. பெயரைத் தமிழில் பதியலாம், அதன் உரிமையாளர் தன் பெயரைத் தமிழில் எழுதக்கூடாது என்பது எவ்வளவு பொருந்தாத நிலை!

லத்தீனில் எழுதச் சொன்னால் என்ன ஆகும் என்பதைப் பாருங்கள். ககரம் ஒரு படிவத்தில் ஓர் எழுத்தாகவும், அடுத்த படிவத்தில் வேறோர் எழுத்தாகவும் மாறும். ழகரத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவர். அரபியில் குறில் உயிர்களை வழக்கமாக எழுதுவதில்லை என்பதால் முகம்மது என்ற ஒரே பெயருக்கு லத்தீனில் எத்தனையோ எழுத்துக்கூட்டல்கள் வழங்குகின்றன. சப்பானியப் பெயரைக் கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்தில் பார்த்தால், அதை எப்படி வாசிப்பது என்று உரியவரைக் கேட்காமல் பல வேளைகளில் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆக, ஒரே ஆள் பதிவேட்டில் பல ஆட்களாகத் தோன்றுவார். உங்கள் தேடலுக்கு இதைவிடத் தீங்கு வேறென்ன? எழுத்துப்பெயர்ப்பை (ஒலியை வேறோர் எழுத்தில் எழுதுவதை) பின்னர் யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், ஆனால் அதிலிருந்து மூலத்தை மீட்க முடியாது. முகவரி எந்த ஊருடையதோ, அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குப் பயன்படுவதும் மூல எழுத்தில் உள்ள முகவரிதான். டொமைன் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் பணிக்குழு இதே கேள்வியை நீண்ட காலம் விவாதித்து, 2015இல் அளித்த இறுதி அறிக்கையில், தொடர்புத் தகவல்களை மொழிபெயர்ப்பதையோ எழுத்துப்பெயர்ப்பதையோ கட்டாயமாக்குவது விரும்பத்தக்கதன்று என்று பரிந்துரைத்தது. செலவு, துல்லியம் இரண்டும் அதற்குக் காரணங்கள். உங்களைப் போன்ற விசாரணையாளர்களின் தேவையும் அங்கே வலுவாகவே எடுத்துரைக்கப்பட்டது. இருப்பினும் முடிவு சரியானது என்றே நான் கருதுகிறேன்.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. டொமைன் பெயரை விற்கும் பதிவாளரிடமிருந்து பதிவகத்துக்குத் தரவைக் கொண்டுசெல்லும் இபிபி நெறிமுறையில் அஞ்சல் முகவரிக்கு இரண்டு வடிவங்கள் உண்டு: ஒன்று ஆஸ்கி (அடிப்படை ஆங்கில) எழுத்துகளில் மட்டும், மற்றது எந்த எழுத்திலும். இரண்டாவதில் எழுதியது எந்த மொழி என்று குறிக்க இடமில்லை. தேவநாகரியில் ஒரு பெயர் இருந்தால் அது இந்தி மொழியா, மராத்தியா, நேபாளியா? எழுத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மொழி தெரியாமல் நல்ல எழுத்துப்பெயர்ப்பும் இயலாது.

ஹூஈஸுக்குப் பதிலாக வந்துள்ள ஆர்டேப் நெறிமுறை இங்கே பெரும் உதவி. 2015 மார்ச்சில் தரநிலையாக வெளிவந்த அது யுடிஎஃப்-8இல் ஜேசன் என்ற, புலம் புலமாகப் பிரித்த தரவு வடிவில் பதிலளிக்கிறது. மொழிக் குறிக்குத் தனி உறுப்பு உண்டு. டொமைன் பெயரை ஆஸ்கி வடிவிலும் யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் தரநிலை) வடிவிலும் அருகருகே தர முடியும். பெயர், முகவரி போன்ற புலங்களின் தலைப்புகள் நிலையான குறிச்சொற்களாக இருப்பதால், உள்ளடக்கம் தாய்லாந்து மொழியில் இருந்தாலும் தலைப்புகளை மட்டும் உங்கள் திரையில் தமிழில் காட்டலாம். .com போன்ற பொதுவகை டொமைன்களுக்கு ஹூஈஸ் சேவை நடத்தும் கட்டாயம் 2025 சனவரியோடு முடிந்தது. ஆனால் நெறிமுறை இடம் தந்தாலும் படிவம் தர வேண்டுமே! சென்ற மாதம் ஒரு பதிவாளரின் படிவத்தில் என் பெயரைத் தமிழில் உள்ளிட்டேன். ‘செல்லாத எழுத்துகள்’ என்று சிவப்பில் காட்டி மறுத்துவிட்டது. அங்கேயே தடைபட்டால் ஆர்டேப் எதைத்தான் கொண்டுசெல்லும்?

தேடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது நேரே உங்கள் வேலையைத் தொடுவது. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாகச் சேர்த்தும் எழுதலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் தரவுத்தளம் எழுத்துகளை இயல்பாக்கம் செய்யாமல் (ஒரே வடிவுக்கு மாற்றாமல்) ஒப்பிட்டால் ஒன்று கிடைக்கும், மற்றது தப்பிவிடும். ‘ஸ்ரீ’ இன்னும் கடினம். அதை ஸகரத்தைக் கொண்டும் ஶகரத்தைக் கொண்டும் ஒரே தோற்றத்தில் எழுத முடியும். இயல்பாக்கமும் அவற்றை ஒன்றாக்காது. வேர் மண்டலத்துக்கான தமிழ் விதிகள் இவ்விரண்டையும் மாற்றுவடிவங்களாகக் கொள்கின்றன. உரிமையாளர் பெயருக்கும் தேடும்போது அதே கவனம் வேண்டும் என்று எங்கள் குழுவில் வற்புறுத்தி வருகிறேன்.

உங்கள் அலுவலகக் கோப்புகளில் பெயரைப் பதியும்போது மூல எழுத்துக்கென்று ஒரு புலம் இருக்கிறதா, அல்லது லத்தீன் வடிவத்தை மட்டுமே வைத்துக்கொள்கிறீர்களா என்று எழுதுங்கள். புலம் இருந்தால், இரு வடிவங்களும் மொழிக் குறியோடு நேராகச் சேரும்படி நாங்கள் தரும் தரவை அமைத்துவிட முடியும். அடுத்த கட்ட மாற்றம் தொடங்குவதற்குள் உங்கள் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
மாறன்